மெழுகுச் சுவருக்குள் பதினொரு சக்கரங்கள்

மார்ச் 2

நாத்தனாருக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. நீயும் நினைத்திருக்க மாட்டாய். போனில் பேச வழியில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் இப்போது உன் அண்ணனின் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. வருகிற செய்தியை எல்லாம் அதுவே சத்தமாக வாசிக்கிற மாதிரி பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கண் இரண்டிலும் கட்டு. காது மட்டும் முன்னைவிட நாலு மடங்கு. சமையலறையில் நான் பெருமூச்சு விட்டால் கூடத்திலிருந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில் நான் செய்யக்கூடியது பேனா பிடித்து எழுதுவது ஒன்றுதான். உன் முகவரியை உன் தோழியிடம் வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 27ஆம் தேதி கட்டைப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா, வந்தால் எவ்வளவு வரும் என்று கேட்டால் டாக்டர் பிடி கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். "பிரிச்சாத்தாம்மா தெரியும்" என்கிறார், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுகிற மனிதருக்கு ஆள் அடையாளம் தெரிகிற அளவு பார்வை வந்து என்ன பிரயோஜனம்? இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்கும்போது பளிச்சென்று வெளிச்சம் கூடாதாம், மங்கலாக ஒரு விளக்கு போதுமாம். டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை, உன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "என் மெழுகுக் கூடு ஒண்ணு இருக்கு டாக்டர். அதக் கொண்டுவரோம். நான் முதல்ல அதத்தான் பாக்கணும்." டாக்டருக்கு விளக்கம் வேறு. "மெழுகுவத்தின்னு நினைச்சிடாதீங்க. நடுவுல காலி. உள்ள சின்னதா ஒரு விளக்க வெச்சா கூடு எரியாது, சுவர் மட்டும் ஒளி விடும். சுவத்துக்குள்ள கடிகாரச் சக்கரம் பதினொண்ணு வெச்சிருக்கேன். எல்லாம் நிழலாத் தெரியும் பாருங்க." கண்ணில் கட்டோடு அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் கேள்வி, "அது பத்திரமா இருக்கா?" நானும் "இருக்கு, இருக்கு" என்கிறேன்.

இல்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன அன்று, நீயும் அவரும் செய்து அலமாரியில் வைத்திருந்த ஒன்பது கூடுகளையும் பின்வாசலில் போட்டு உடைத்தேன். கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினேன். மறுநாள் குப்பை வண்டி வந்து போயிற்று.

ஆகவே அதை எப்படிச் செய்வது என்று எழுது. அதை மட்டும் எழுது. அச்சும் மீதி மெழுகும் நீ வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, நான் வேலை செய்கிற தையல் கூடத்துக்கு அனுப்பு. நீ ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து மதியம் வரை பிரிக்கவே இல்லை. எனக்கு இங்கே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. அன்று நான் மடித்ததில் பாதி கோணல். பக்கத்தில் இருக்கிறவள் பயந்துபோய் "கொடு, நான் பிரிச்சுப் படிக்கிறேன்" என்று பிடுங்கப் பார்த்தாள். அப்புறம்தான் பிரித்தேன். பிரித்து, 27ஆம் தேதி என்று படித்ததும் பெட்டிக் குவியலுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அதை மட்டும் எழுது என்றீர்கள். சரி. ஆனால் ஒரு விஷயத்தை எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. மெழுகுப் பாத்திரத்தைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். அன்று அவசரப்பட்டு சட்டியை எடுத்துவிட்டு நேரே அடுப்பில் வைத்தவள் நான். யாரோ கதவைத் தட்டினார்கள் என்று அடுப்பை அணைக்காமல் போனவளும் நான். பொட்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே அண்ணன் அலறினார். வெறுமனே தீப்பிடித்த மெழுகு அவர் முகம் வரை எப்படிச் சீறியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் தீப்பிடிக்கக் காரணம் நான்தான். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

இப்போது செய்முறை. அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற கெட்டி மெழுகை எடுங்கள். கீழே இருப்பது சீக்கிரம் இளகும், அதில் கூடு செய்தால் உள்ளே வைக்கிற விளக்கின் சூட்டுக்கே குழைந்துவிடும். தண்ணீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். அச்சு என்பது அந்த உயரமான அலுமினிய உருளை. அதில் விளிம்பு வரை ஊற்றுங்கள். மெழுகு வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். சுவர் விரல் தடிமன் ஆனதும், மேலே படிந்த ஆடையை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் உருகி நிற்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் கூடு. சக்கரங்கள் கீழே பெரியது, மேலே போகப் போகச் சின்னது, படிக்கட்டு சுற்றி ஏறுகிற மாதிரி பதினொன்று.

அடுப்பை விட்டு நகராதீர்கள். பக்கத்தில் ஒரு மூடி வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அண்ணி. நூறு தடவை சொல்கிறேன், தண்ணீர் கூடாது.

அண்ணன் சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றிக் கேட்கிறாரா? பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உங்கள்
எலி


மார்ச் 11

நாத்தனாருக்கு,

தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

நீ எழுதிய லட்சணத்தில் நான் செய்து கிழித்ததைச் சொல்கிறேன், கேள். வீட்டில் உருக்கினால் அவர் மூக்குக்கு எட்டிவிடும். அதனால் அச்சையும் மெழுகையும் துணிப்பையில் போட்டுத் தையல் கூடத்துக்குக் கொண்டுபோனேன். இஸ்திரி அறையில் தேநீர் போடுகிற மின்னடுப்பு ஒன்று இருக்கிறது. மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சி, சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் வாங்கினேன். இஸ்திரி போடுகிறவள் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, யாருக்கு மருந்து காய்ச்சுறீங்க?" என்றாள். மெழுகு உருகத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. அன்றைக்கு வந்த அதே வாசனை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, மூடியைக் கேடயம் மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சீக்கிரம் கவிழ்த்துவிட்டேன் போலிருக்கிறது. கூடு வெங்காயத் தோல் கணக்காக இருந்தது, தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன். நடுவில் ஒருத்தி அளவு கேட்க வந்தாள், நாலு வார்த்தை பேசினேன், திரும்பிப் பார்த்தால் முழுசாக இறுகி உலக்கை மாதிரி நிற்கிறது. மூன்றாம் நாள் சுவர் ஓரளவு வந்தது. சக்கரத்துக்குப் பதிலாகச் சோதனைக்கு இரும்புப் பொத்தான்கள் போட்டிருந்தேன். அத்தனையும் அடியில் போய் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. இரும்பு மெழுகில் மிதக்குமா? உனக்கு இதுகூடத் தோன்றவில்லையா? அந்தச் சக்கரங்களை நீங்கள் என்ன மந்திரம் போட்டா நடுச்சுவரில் நிறுத்தினீர்கள்?

சாப்பிடுகிறார். உன்னைப் பற்றிக் கேட்கிறார். நேற்று, "எலி ஏன் ஒரு தடவகூடப் பேசல?" என்றார். பயிற்சியில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம் என்றேன். "அப்படி என்ன பயிற்சி, ராணுவமா?" என்று சிரித்தார்.

இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. தபால் போக வர ஆறு நாள். கதை எழுதாமல் விஷயத்தை எழுது.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

தப்புதான். சக்கரம் பதித்தது முழுக்க அண்ணன் வேலை, நான் வேடிக்கை பார்த்தவள். நான் பதிப்பதெல்லாம் காய்ந்த இலை, ஆரஞ்சு வட்டம் மாதிரி எடையில்லாத சாமான்கள். பெரிய அச்சுக்குள் சின்ன டப்பாவை நிறுத்தி, இடைவெளியில் அவற்றைத் திணித்து, மெழுகை ஊற்றினால் வேலை முடிந்தது. சக்கரத்துக்கு அது சரிப்படாது என்று அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார்.

இரண்டு தடவை ஊற்ற வேண்டும். முதல் தடவை மெல்லிய தோல் மட்டும், ஒரு காசு தடிமன், அது வந்ததும் கவிழ்த்துவிடுங்கள். தோல் பிசைந்த மாவு மாதிரி இளக்கமாக இருக்கும்போதே, இடுக்கியால் சக்கரத்தைப் பிடித்து உள்பக்கமிருந்து சுவரில் அழுத்துங்கள். பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பதினொன்றும். சுவர் இறுகி வந்தால் அச்சை வெந்நீர்த் துணியால் சுற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் சின்ன டப்பாவை நடுவில் நிறுத்தி, இடைவெளியில் இரண்டாவது மெழுகை ஊற்றுங்கள். இது ரொம்பச் சூடாக இருக்கக் கூடாது, சூடாக இருந்தால் முதல் தோலையும் கரைத்துச் சக்கரங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். விரலில் ஒரு சொட்டு விட்டால் பொறுக்க முடிகிற சூடு போதும்.

அண்ணன் வேலை மேசைக்கு அடியில் இரண்டு டப்பா இருக்கும். நீல டப்பாவிலிருந்து எடுங்கள். உள்ளே வைக்க நெருப்பு வேண்டாம். பாட்டரியில் எரிகிற குட்டி விளக்கு கடையில் கிடைக்கும், மஞ்சள் வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள். புகையே இருக்காது.

அண்ணி, ஒன்று கேட்கலாமா? தண்ணீர் என்று எழுதினதற்கு ஏன் அவ்வளவு கோபம்? நான் குத்திக்காட்டவில்லை. எனக்கே இப்போது அடுப்பைக் கண்டால் பயம். விடுதிச் சமையலறையில் யாராவது அடுப்பைப் பற்றவைத்தால் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். "தீ மிதிக்கவா சொன்னோம், தேநீர் போடத்தானே சொன்னோம்" என்று கேலி பண்ணுகிறார்கள். இவர்களுக்கு என்ன தெரியும்.

27ஆம் தேதி நான் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொள்கிறேன். நீங்கள் வெளியே வந்து ஒரு தலையாட்டு, போதும். பார்வை உண்டு என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுகிறேன்.

எலி


மார்ச் 18

எலிக்கு,

வராதே. வாசலில் நின்று தலையாட்டுவதற்கு நான் என்ன பொம்மையா?

சுவர் சரியாக வந்துவிட்டது. இரண்டு முறை செய்து பார்த்தேன், பொத்தான்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. நேற்று அவர் தூங்குகிறார் என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து நீல டப்பாவைத் திறந்தேன். மூடி 'டிங்' என்றது. "என்ன சத்தம்?" என்றார். "பொத்தான் டப்பா" என்றேன். "பொத்தான் டப்பா இப்படிச் சத்தம் போடாதே" என்றார். அள்ளினதை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டேன். பிறகு அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. திரும்பவும் திறக்கத் தைரியமில்லாமல், திறந்தே கிடந்த பக்கத்து டப்பாவிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துச் சேர்த்துவிட்டேன். அத்தனையும் ஒரே பித்தளைதானே.

தினமும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். திருடிக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது.

இனி நீ கேட்டதற்குப் பதில். நேற்று ராத்திரியிலிருந்து எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை நாலாவது தாளில் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பாத்திரத்தில் தீ ஒரு சாண் உயரம்தான் இருந்தது. வெறும் ஒரு சாண். உன் அண்ணன் நெருப்பைக் கண்டு ஓடிவந்து, மூடி எங்கே, மூடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். மூடியைத்தான் தேடினார். நான் பதறிப்போய், "மூடியும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊத்துங்க!" என்று கத்தி, தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் திணித்தேன். அவர் ஒரு நொடி தயங்கினார். நான் திரும்பவும் கத்தினேன். ஊற்றினார். அது கூரை வரை சீறியது.

மெழுகு ஏன் சீறியது என்று உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே கம்பவுண்டர் சொல்லிவிட்டார், "தண்ணி ஊத்தலன்னா இவ்வளவு ஆயிருக்காதும்மா" என்று. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து, "உன்னாலதான் என் புருஷன் குருடாயிட்டான், இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொன்னேன். அது தெரிந்தே சொன்னது.

நீ போனதும் அந்த ஒன்பது கூடும் அலமாரியிலிருந்து என்னையே பார்த்தன. அதனால்தான் உடைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறதா, அதிர்ச்சியில் மறந்துவிட்டாரா என்று தெரியாமல் நான் தினமும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

என்னால் இன்று எழுத முடியாது. ஒரு மாதத்துக்கும் மேலாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அண்ணனின் முகம். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே என்னைத் தெருவில் விட்டீர்கள்.

கூட்டின் வெளிப்பக்கத்தைச் சூடான துணியால் மெதுவாகத் துடையுங்கள். மேல்தோல் மெலிந்தால்தான் சக்கரம் நன்றாகத் தெரியும். அவ்வளவுதான்.


மார்ச் 22

அண்ணி,

நேற்றுப் போட்ட கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கப் பார்த்தேன். கை மாட்டிக்கொண்டது. விடுதிக் காவலர் வந்து எண்ணெய் தடவி இழுத்துவிட்டார். மணிக்கட்டில் தோல் உரிந்துபோச்சு. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று முழுக்க யோசித்தேன். அந்த மூடி ஏன் அண்ணன் கையில் கிடைக்கவில்லை தெரியுமா? அதில் நான் ஆரஞ்சு வட்டங்களைப் பரப்பி ஜன்னலில் காயவைத்திருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் மூடி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். உங்களுக்கும் எழுதினேன். நீங்கள் அதை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. சொல்லவில்லை. நீங்கள் மறைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் மறைத்தது இது.

யாருடைய தப்பு எவ்வளவு என்று நாம் இருவரும் பங்கு பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு இப்போது ஒரே ஒரு கேள்விதான். அண்ணனுக்குக் கண் தெரியுமா, தெரியாதா? வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. நேற்று பெட்டி மடிக்கும்போது நாற்பது பெட்டிக்கு அடியே ஒட்டாமல் அடுக்கிவிட்டேன்.

27ஆம் தேதி நான் வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் உடனே எழுதுங்கள். வீட்டுப் போனில் மட்டும் சொல்லாதீர்கள், ஏதாவது கெட்டதாக இருந்தால் அது சத்தமாக வாசித்துவிடும்.

எலி


மார்ச் 25

எலிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை இரண்டு தரம் படித்தேன். அதற்கு நான் தகுதியானவள்தான். தோல் உரிந்த இடத்தில் மஞ்சளோ மருந்தோ எதையாவது போடு, அப்படியே விட்டுவிடாதே.

கூடு தயார். இஸ்திரி அறையில் துணிகளை எல்லாம் தொங்கவிட்டு இருட்டாக்கி, உள்ளே அந்தக் குட்டி விளக்கை வைத்துப் பார்த்தோம். பதினொரு சக்கரமும் சுவருக்குள் நிழலாக ஏறி நின்றன. இஸ்திரி போடுகிறவள் வாயைப் பிளந்துகொண்டு, "அக்கா, எனக்கு ஒண்ணு" என்றாள். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே கிலி பிடித்துக்கொண்டது.

அவர் பார்ப்பாரா? பார்க்காவிட்டால் நான் என்ன செய்வேன்? "தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த அறையில் நான் எப்படி நிற்பேன்? பார்த்துவிட்டாலும் பயம். இது வேறு என்று கண்டுபிடித்துவிட்டால்? உடைத்தது தெரியும். உடைத்தது தெரிந்தால் உன்னை விரட்டியது தெரியும். அதைப் பிடித்து இழுத்தால் சொம்புத் தண்ணீர் வரை வந்து நிற்கும். நூல் பிரிகிற மாதிரி எல்லாம் பிரிந்துவிடும்.

இன்று காலை அவர் விரலால் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஒருவேள தெரியலன்னா, நீ கடைய யாருக்காவது விட்டுடு. மேசைய மட்டும் விக்காத" என்றார். அவர் அப்படிப் பேசியதே இல்லை. "வாயைக் கழுவுங்க" என்று அதட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாளை மறுநாள் பத்து மணிக்கு.

உன் அண்ணி


மார்ச் 27

எலிக் குட்டி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நான் அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று அர்த்தம், வேறு ஒன்றும் நினைத்துவிடாதே. இடது கண் தெரிகிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

ஜன்னலை எல்லாம் மூடினார்கள். கூட்டை மேசைமேல் வைத்து விளக்கைப் போட்டேன். டாக்டர் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். முடிவே இல்லாத மாதிரி இருந்தது. கடைசிப் பஞ்சை எடுத்ததும் "மெதுவாத் திறங்க" என்றார். உன் அண்ணன் திறந்தார். கண்ணைக் கொட்டினார்.

டாக்டர், "என்ன தெரியுது?" என்றார்.

உன் அண்ணன் கையை நீட்டி, தடவித் தடவிக் கூட்டை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பார்வை தெரிகிறவர் எதற்குத் தடவ வேண்டும்? முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மெதுவாகச் சுற்றினார். ஒரு கண்ணை மூடினார், அதைத் திறந்து மற்றதை மூடினார். கடைக்கு வந்த கடிகாரத்தைப் பார்ப்பாரே, அதே முகம்.

"இது என்னோடது இல்ல" என்றார்.

டாக்டர், "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"கீழேர்ந்து நாலாவது சக்கரம். ஒரு பல் ஒடஞ்சிருக்கு. பல் போன சக்கரத்த நான் எடுத்து வெப்பேனா? அது கழிச்ச டப்பால கெடக்கிற சக்கரம்."

டாக்டர் கூட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். எங்கே, எங்கே என்றார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்துவிட்டு, "யப்பா, எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார்.

எலி, நான் அவ்வளவு சத்தமாக என் ஜென்மத்தில் அழுததில்லை. நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். நான் அத்தனை நாள் எதற்குப் பயந்து செத்தேனோ அதில் மாட்டிக்கொண்டு, "ஆமா, ஒடஞ்சிருக்கு, ஒடஞ்சிருக்கு!" என்று கத்திக்கொண்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே, டாக்டர், நர்ஸ் எல்லார் முன்னாலும், கூட்டை உடைத்தது, உன்னை விரட்டியது, சொம்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கேட்டுவிட்டு, "சொம்பக் கொடுத்தது நீ. ஊத்தினது என் கைதானே? தண்ணி கூடாதுன்னு எலி எத்தன தடவ சொல்லிருக்கா. எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "பயிற்சியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு எப்பவோ தெரியும். ரெண்டு வாரமா உன் தலைமுடில மெழுகு வாசன. கைய மட்டும் கழுவினாப் போதுமா?" என்றார். நான் முழங்கை வரை கழுவினேன், தலையை மறந்துவிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு அத்தனை நாள் பேசாமல் படுத்திருந்திருக்கிறார், அழுத்தக்காரர். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயாச் சொல்வேன்னு பாத்தேன்" என்றார். உன்னை விரட்டியதை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலது கண்ணில் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, உருவம் எதுவும் பிடிபடவில்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார் டாக்டர். எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை, போகாது. ஆனால் கடிகாரம் பார்க்கிறவர் எப்படியும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார் என்று அவரே ஜோக் அடிக்கிறார்.

நான் சொன்னதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. உன் குரல் கேட்காமல் அந்த வீடு வீடாக இல்லை, அது நிஜம். சனிக்கிழமைப் பேருந்தில் கிளம்பி வா. ஆரஞ்சு காயவைக்க ஒரு தட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மூடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டேன், இனி யாரும் அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

பேனாவைக் கேட்கிறார். டாக்டர் கூடாது என்கிறார், இவர் ஒரு வரி என்கிறார். கொடுக்கிறேன்.

உன் அண்ணி

*எலி நாலாவது சக்கரத்த மாத்தணும். எனக்கு இடுக்கி பிடிச்சுக் குடுக்க ஆள் இல்ல. சீக்கிரம் வா.*